கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. தன் குறையை மறைக்க ஆடுகளத்தின் மேல் பழி போடுவோரைக் கண்டு நகைப்பதற்கென்றே நம் முன்னோர் இதனைச் சொல்லி வைத்தனர். ஆயினும் இப்பழமொழியைச் சொல்லிச் சிரித்தவருள் எவரும் அக்கூடத்தை ஒரு முறையேனும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. கூடம் மெய்யாகவே கோணலாக இருந்திருக்குமாயின் அந்தப் பெண்ணின் வழக்கு என்னாவது? இவ்வாரம் நாம் ஆராயப் புகுவது இவ்வழக்கினையே.

வென்ற அணியைப் பற்றிப் பேச ஒரு நாள் போதும். தோற்ற அணியைப் பற்றிப் பேச ஒரு மாதம் வேண்டும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் நெடுஞ்சாலை, பெரகலைச் சந்தியை எட்டுவதற்கு முன் நமது ஹல்துமுல்லையைத் தொட்டுச் செல்கின்றது. பேருந்துக்காகக் காத்திருப்போர் கடைத்தெருவின் வாங்குகளில் அமர்ந்து வெறுந்தேநீர் அருந்துவர். தேநீர் ஆறுவதற்குள் அவர்கள் கலைத்துவிட்டுப் புதிதாக அமைத்துவிடும் தேசிய அணிகள் எத்தனை! 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆந் திகதி, ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் நமது கிரிக்கெட் அணி இந்தியாவுக்கு எதிராக 50 ஓட்டங்களுடன் சுருண்டது. அவ்வாண்டு நவம்பர் 2ஆந் திகதி, உலகக் கிண்ணப் போட்டியில் மும்பை நகரில் அதே இந்தியாவிடம் 55 ஓட்டங்களுடன் மீண்டும் சுருண்டது. அந்நாட்களில் இக்கடைத்தெருவில் பயிற்றுநர் ஆகாத மனிதர் ஒருவரும் இலர் எனலாம்.

ஆனால் நாம் இன்று எடுத்துக்கொண்டது கிரிக்கெட் அன்று. அதனைவிடக் குறைவாகப் பேசப்படுவதும், நம் பெண் பிள்ளைகளுக்கு மிக நெருங்கியதுமான மகளிர் வலைப்பந்தாட்டம் பற்றியே கூற விழைகின்றோம்.

கூடையிலிருந்து பிறந்த ஆட்டம்

மாணவர் பொருட்டு இதன் வரலாற்றைச் சிறிது கூறுவோம். 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் இளைஞர் உள்ளரங்கில் ஆடுவதற்கு ஓர் ஆட்டத்தைத் தேடினார். பழங்கள் வைக்கும் கூடைகள் இரண்டினைத் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் அறைந்து, பந்தை அவற்றுள் எறியச் செய்தார். அதுவே கூடைப்பந்தாட்டம். அது இங்கிலாந்தை அடைந்தபோது பெண்களின் ஆட்டமாக வேறோர் உருவம் கொண்டது. கூடைக்குப் பதிலாக வலை கட்டிய வளையம் வந்தது. வலைப்பந்தாட்டம் என்னும் பெயரும் வந்தது. அவுஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் 1970ஆம் ஆண்டு வரையில் இதனைப் பெண்கள் கூடைப்பந்தாட்டம் என்றே அழைத்து வந்தனர்.

இவ்வாட்டத்திற்கும் நம் நாட்டிற்கும் உள்ள உறவு பெரிது. ஒவ்வொரு நாடும் தன் விருப்பம்போல் விதி வகுத்து ஆடி வந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு, பல நாட்டுப் பிரதிநிதிகள் இலங்கையிலே கூடித்தான் உலகம் முழுமைக்கும் பொதுவான விதிகளை வகுத்தனர். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது இலங்கை மகளிரும் அதில் ஆடினர். விதி எழுதிய வீட்டின் பிள்ளைகள் நாம் என்பதை வாசகர் மறக்கலாகாது.

இனி நமது அணியின் நிலையைப் பாருங்கள். 1989, 1997, 2001, 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில், ஆறு முறை, ஆசியக் கிண்ணம் நமக்குக் கிடைத்தது. 2018இல் சிங்கப்பூரை 69க்கு 50 என்றும், 2022இல் அதே சிங்கப்பூரை 63க்கு 53 என்றும் இறுதியாட்டத்தில் வென்றோம். ஆனால் 2019இல் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், பதினாறு நாடுகளுள் நாம் பதினைந்தாம் இடத்தையே பெற்றோம். பதினாறாம் இடம் பெற்றது சிங்கப்பூர். ஊரில் மல்லனாகவும் சந்தையில் சவலையாகவும் நிற்கும் இந்நிலைக்குக் காரணம் யாது? இதுவே வாங்கில் நிகழும் வழக்கு. இவ்வழக்கில் மூன்று கட்சியார் உளர்.

முதற் கட்சி: பயிற்றுநர்

முதற் கட்சியார் பயிற்றுநரையே கூண்டில் ஏற்றுவர். ஆட்டத்தின் கடைசிக் கால்மணியில் நம் பெண்கள் களைத்துப் போகின்றனர், எதிரணி முறையை மாற்றினால் நாம் மாற்றுவதில்லை, ஆகவே ஆளை மாற்றுக என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதம் வெறும் வாதமன்று. இதற்குச் சான்றும் உண்டு. 2018ஆம் ஆண்டு பொதுநலவாய விளையாட்டுப் போட்டியிலே, வலைப்பந்தாட்டத்தின் தாய்வீடுகளுள் ஒன்றான நியூசிலாந்து, மலாவி நாட்டிடம் தோற்று, பதக்கமின்றித் திரும்பியது. அந்நாட்டில் எழுந்த கூக்குரல் சிறிதன்று. பயிற்றுநர் ஜெனின் சவுத்பி அம்மையார் விலகினார். நொயலின் தவுருவா அம்மையார் பொறுப்பேற்றார். உடல் வலிமையில் எவருக்கும் சலுகை இல்லை என்றார். லோரா லாங்மன், கேசி கோபுவா ஆகிய அனுபவம் முதிர்ந்த வீராங்கனைகளை மீண்டும் அணிக்கு அழைத்தார். மறு ஆண்டே, லிவர்பூலில், அவுஸ்திரேலியாவை 52க்கு 51 என்று வென்று உலகக் கிண்ணத்தைக் கொண்டு சென்றனர். பயிற்றுநர் மாறினால் பலன் மாறும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆனால் மறுபக்கமும் உண்டு. நமது கிரிக்கெட் அணி 2011 முதல் 2015 வரையான ஐந்தாண்டுகளில், தற்காலிகமாக வந்தோரையும் சேர்த்து, ட்ரெவர் பெய்லிஸ், ஸ்டுவர்ட் லோ, ருமேஷ் ரத்நாயக்க, ஜெப் மார்ஷ், கிரஹம் போர்ட், போல் பார்பிரேஸ், மார்வன் அத்தபத்து எனப் பலரைப் பயிற்றுநர் ஆசனத்தில் கண்டது. இடையே 2014இல் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்றோம் என்பது உண்மையே. வென்று தந்த பார்பிரேஸ் சில வாரங்களுள் இங்கிலாந்து அணிக்குச் சென்றுவிட்டார் என்பதும் உண்மையே. இத்தனை பேர் மாறிய பின்னும் அணி தேறவில்லை, வீழ்ச்சியே தொடர்ந்தது.

நியூசிலாந்துக்குப் பலித்த மருந்து நமக்கு ஏன் பலிக்கவில்லை? சமையற்காரர் மாறினால் குழம்பின் சுவை மாறும். பானையில் அரிசி இருக்கும் வீட்டில்தான் அது விருந்தாகும். நியூசிலாந்தில் வார இறுதியானால் ஊர் தோறும் ஆடுகளங்களில் சிறுமியர் கூட்டங் கூட்டமாய் ஆடுவர். தவுருவா அம்மையார் அழைத்தபோது வருவதற்கு ஆட்கள் இருந்தனர். உள்ளதை ஒழுங்குசெய்வது பயிற்றுநர் தொழில். இல்லாததைப் படைக்க எப்பயிற்றுநராலும் ஆகாது.

இரண்டாங் கட்சி: உயரம்

இரண்டாங் கட்சியார் உயரத்தைக் காட்டுவர். வளையமோ தரையிலிருந்து பத்தடி. நம் பெண்களோ குட்டையர். நாம் என்ன செய்வோம் என்பர். உடனே அவர்தம் வாயில் வரும் பெயர் தர்ஜினி சிவலிங்கம் என்பதாகும்.

யாழ்ப்பாணத்து மண்ணில் பிறந்த இத்தமிழ்ப் பெண்மணியின் உயரம் 208 சதமமீற்றர். ஏறக்குறைய ஆறடி பத்தங்குலம். 2009இல் ஆசியக் கிண்ணத்தை வென்றுதந்தவருள் ஒருவர். இடைவெளிக்குப் பின் 2018இல் மீண்டும் அணியில் இடம்பெற்று, திலகா ஜினதாச அம்மையாரின் பயிற்சியில் மறுபடியும் கிண்ணம் வென்றவர். நாற்பது வயதளவில், 2019 உலகக் கிண்ணத்தில், எல்லா நாட்டு வீராங்கனைகளுள்ளும் மிகுதியான கோல்களைப் போட்டவர் அவரே. அவ்வளவு கோல்களுக்குப் பின்னரும் நமக்குக் கிடைத்த இடம் பதினைந்து! இதனை ஊன்றி நோக்கினால் இரண்டாங் கட்சியாரின் வாதம் ஆட்டங்காணும்.

ஏனெனில் வலைப்பந்தாட்டத்தின் விதிகளே ஒருவரை நம்பியிருக்க விடுவதில்லை. நூறடி நீளமும் ஐம்பதடி அகலமும் கொண்ட களம், குறுக்கே மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எழுவருள் இருவர் மட்டுமே கோல் போடலாம். எய்பவள் தன் முனைப் பகுதியை விட்டு வெளியேறலாகாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுதல் கூடாது. கையில் பிடித்தால் மூன்று வினாடிக்குள் விட்டுவிட வேண்டும். களத்தின் ஒரு முழுப் பகுதியை எவரும் தொடாமல் பந்து தாண்டிப் பறக்கவும் கூடாது. ஆகவே நமது முனையில் பறித்த பந்து எதிர்முனையில் நிற்கும் எய்பவளை அடைவதற்கு, நடுக்களத்தில் நிற்கும் தோழியரின் கைகளைக் கடந்தே செல்ல வேண்டும். வலிய அணிகள் நெடியவளோடு மல்லுக்கு நிற்பதில்லை. அவளுக்குப் பந்து வரும் வழியை மறிக்கின்றன. கோபுரம் எவ்வளவு உயரமாயினும் வாயிலை அடைத்துவிட்டால் உள்ளே செல்வது எவ்வாறு?

கூடைப்பந்தாட்டத்திலும் இதே கதை உண்டு. ஏழடி ஓரங்குல உயரம் படைத்த வில்ட் சேம்பர்லெயின், 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி, ஒரே ஆட்டத்தில் தனியொருவராய் 100 புள்ளிகள் எடுத்தார். அதே காலத்தில் பொஸ்டன் நகர அணியோ பில் ரசல் என்பாரை நடுவில் நிறுத்தி, 1957 முதல் 1969 வரையான பதின்மூன்று பருவங்களில் பதினொரு முறை வாகை சூடியது. அவற்றுள் ஒன்பதிற்குப் பயிற்றுநராயிருந்த ரெட் அவர்பாக், களத்தில் நிற்கும் ஐவரோடு அமையாமல், வாங்கில் அமர்ந்திருக்கும் ஆறாவது ஆளையும் முதலாமவனைப் போலவே பழக்கி வைத்தார். நூறு எடுத்த சேம்பர்லெயின் தம் வாழ்நாளில் இரு முறைதான் அந்த வாகையைக் கண்டார். உயர்ந்தவர் ஒருவர் இருப்பது செல்வம். அவரைத் தவிர வேறெதுவும் இல்லாதிருப்பது வறுமை.

மூன்றாங் கட்சி: தெரிவாளர்

மூன்றாங் கட்சியார் தெரிவுக்குழுவினரைச் சாடுவர். பழைய முகங்களையே திரும்பத் திரும்ப அழைக்கின்றனர், இளையோரை வளர்ப்பதில்லை, பெரிய நகரத்துப் பாடசாலைகளுக்கு அப்பால் அவர்கள் கண் செல்வதில்லை என்பது குற்றச்சாட்டு. இதனை முழுதும் தள்ளிவிட முடியாது. பாடசாலையை விட்டு நீங்கிய பெண்ணொருத்தி இந்நாட்டில் தொடர்ந்து ஆட வேண்டுமாயின், முப்படைகளிலோ ஒரு வங்கியிலோ வேலை பெற்று அதன் அணியில் ஆடுவதே பெரும்பாலும் வழியாக உள்ளது. அவ்வழி தலைநகரத்தை நோக்கியே செல்கின்றது. மலையிலிருந்து அவ்வழியில் இறங்கிச் சென்ற தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணுவோமாயின், விரல்களே எஞ்சும்.

எனினும் தெரிவாளரை நோக்கி நாம் ஒன்று கேட்கலாம். அவர்களும் நம்மை நோக்கி ஒன்று கேட்கலாம். எங்கள் பிள்ளைகளை ஏன் பார்க்கவில்லை என்பது நம் கேள்வி. பார்ப்பதற்கு எத்தனை பிள்ளைகளைக் களத்தில் நிறுத்தினீர்கள் என்பது அவர்கள் கேள்வியாகும். இவ்விரண்டாம் கேள்விக்கு நம்மிடம் விடை உண்டா?

நாலாவது குரல்

ஒரு மாலைப் பொழுதில் இம்மூன்று கட்சியாரும் உரத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பாண் வாங்க வந்து நின்ற தாயொருத்தி, கொழுந்து பறித்துவிட்டு நேரே வந்தவள், நம்மை அடையாளங் கண்டு மெல்லச் சொன்னாள்:

“சேர், எங்க பிள்ளையும் நல்லாத்தான் ஆடினா. ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் நடுவுல நின்னு ஓடுறது அவதான். பொறகு பள்ளிக்கூடம் விட்டு நின்னு பழகணும்னாங்க. அந்த பஸ் போயிட்டா தேயிலைக்குள்ள ரெண்டு மைல் நடக்கணும். வயசுப் பிள்ளைய இருட்டுல எப்படி சேர் விடுறது? நிப்பாட்டிட்டோம்.”

“பிள்ளை இப்போது என்ன செய்கிறாள், அம்மா?” என்று கேட்டோம்.

“படிக்கிறா சேர். ஆனா அந்தச் சுறுசுறுப்பு இல்ல” என்று கூறி, பாணை மடியிற் கட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

சற்று நேரம் கடையில் பேச்சில்லை. பயிற்றுநரை மாற்றினால் அந்தச் சிறுமி மீண்டும் ஆடுவாளா? தெரிவுக்குழுவைக் கலைத்தால் ஆடுவாளா? அவளுக்கு உயரம் ஒரு குறையன்று. நடுக்களத்தில் ஓடுபவளுக்கு வேண்டுவது காலும் கண்ணும் மூச்சும். அவள் அணியை விட்டு நீங்கியதை எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லை. எந்த வாங்கும் அதுபற்றி வாதிடவில்லை. நமது தேசிய அணியின் பலவீனம் யாதென்று கேட்போர்க்கு நாம் கூறும் விடை இதுவே: அணியில் ஆடும் எழுவரைவிட, அணிவரை வந்து சேராத எழுநூறு பேரே அதன் பெரிய பலவீனம்.

கூடத்தை அளந்து பார்ப்போம்

இப்போது பழமொழிக்கு வருவோம். நமது கூடம் கோணலா?

முதலில் நிலத்தை அளப்போம். நம் மலைகளில் சமநிலம் கிடைத்த இடத்திலெல்லாம் தொழிற்சாலையும் பங்களாவும் தேயிலையும் முந்திக்கொண்டன. எஞ்சிய சரிவுகளில் லயங்களும் பாடசாலைகளும் அமைந்தன. தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்து, கட்டடங்கள் பல எழுந்தன. ஆனால் பல பாடசாலைகளில் ஆடுகளம் என்று ஒன்று இன்னும் இல்லை. பந்து கைதவறினால் அதனை எடுத்து வர ஒரு மலை இறங்கி ஏற வேண்டிய பிள்ளைகள் நம் பிள்ளைகள். நினைத்தபடி மண்ணை வெட்டிச் சமப்படுத்தவும் ஆகாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி, இப்பிரதேசத்தின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் எவ்வாறு மறப்போம்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரைக் கேளாது சரிவில் மண்வெட்டி வைப்பது அறிவீனம்.

அடுத்து உயரத்தை அளப்போம். இரண்டாங் கட்சியார் கூறும் உயரக்குறைவு, பரம்பரையாய் வந்த விதி மட்டுமன்று. 2016ஆம் ஆண்டு நடந்த நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 100க்கு 17 பேரளவில் இருந்தனர். தோட்டப்புறத்திலோ 100க்கு 32 பேரளவில் இருந்தனர்; ஏறத்தாழ இரு மடங்கு! குழந்தை தாய் வயிற்றில் இருக்கும் காலமும் பிறந்தபின் முதல் ஈராண்டுகளும் அதன் உயரத்துக்கு அடித்தளம் இடுங் காலம் என்பர் மருத்துவர். அக்காலத்தில் தாயின் உணவும் குழந்தையின் உணவும் குன்றினால், அடிக்கடி நோய் கண்டால், பின்னர் அதனை முழுதும் ஈடுசெய்தல் அரிது. அவ்வாறாயின் நமது வலைப்பந்தாட்ட அணியின் முதற் பயிற்றுநர் யார்? தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் அம்மாவேயன்றோ! உயரம் போதாது என்று வாங்கில் அமர்ந்து வருந்துவோர், தம் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வாரத்தில் எத்தனை நாள் முட்டை கொடுக்கப்படுகின்றது என்று ஒரு முறை சென்று கேட்பாராயின், அது நாட்டுக்குச் செய்யும் விளையாட்டுத் தொண்டாகும்.

ஆகவே கூடம் கோணல்தான். ஆயினும் கோணற் கூடத்திலும் ஆட்டம் பிறக்கும் என்பதற்கு நம் மலையகமே சான்று. டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் வீழ்த்திய முத்தையா முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் உழைக்க வந்தவர். பேரன் சிறுவனாயிருந்தபோது மித வேகப் பந்தே வீசினான். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியின் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, பதினான்கு வயதளவிலிருந்த அப்பிள்ளையின் கையைக் கூர்ந்து நோக்கி, நீ சுழற்பந்து வீசு என்றார். உலகம் வியந்த பந்துவீச்சு அன்று பிறந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. அப்பிள்ளை நின்று வீச ஒரு களம் இருந்தது. நோக்குவதற்கு ஒரு பயிற்றுநர் இருந்தார். மாலையில் நின்று பழக வழி இருந்தது. இம்மூன்றும் இல்லாதிருந்தால், அந்தக் கை என்ன செய்திருக்கும் என்பதை எண்ணவும் மனம் கூசுகின்றது.

நாம் செய்யக் கூடியவை

பெரிய அரங்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வலைப்பந்தாட்டம் மலிவான ஆட்டம். ஒரு பந்து, பத்தடி உயரத்தில் வளையம் பொருத்திய ஓர் இரும்புக் கம்பம், எழுவர். தொழிற்சாலையின் பட்டறையில் ஒரு பகலில் அக்கம்பத்தைச் செய்துவிடலாம். முழுக்களத்துக்கு இடமில்லையாயின் அரைக்களத்திலும் அதனிலும் சிறிய முற்றத்திலும், பந்தைப் பிடித்தல், மூன்று வினாடிக்குள் எறிதல், ஓடி வந்து கால் வழுவாது நிற்றல் ஆகியவற்றைப் பழகலாம். நம் அணி உலக அரங்கில் தடுமாறுவது பெரிதும் இவற்றிலேயாம். வேலையில்லாத நேரத்துப் பிரட்டுக்களம் இதற்குப் போதும்.

பழகும் நேரத்தை மாலைக்கு ஒதுக்காமல், பாடவேளைக்குள்ளும் காலையிலும் ஒதுக்குதல் அதிபர்களால் ஆகக்கூடியது. மாலையில்தான் இயலுமெனின், ஒரே தோட்டத்துப் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிச் செல்லப் பெற்றோர் முறைவைத்து வரலாம். கோயில் திருவிழாவுக்கு முறைவைக்கத் தெரிந்த ஊர், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு முறைவைக்க அறியாததன்று. தகப்பன்மாரே, தேநீர்க் கடையில் அணியைத் திருத்தச் செலவிடும் அரைமணி நேரத்தை வாரத்தில் ஒரு நாள் இதற்குத் தாருங்கள். வாங்கு உங்களைத் தேடி எங்கும் போய்விடாது.

தாய்மாருக்கும் ஒரு சொல். பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் ஆட்டம் போதும் என்று நிறுத்துவது நம் வழக்கமாகிவிட்டது. ஆனால் தேயிலைக் கூடையை முதுகில் தாங்கிச் செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு உடல் வலிமை ஆகாது என்று இதுவரை எவரும் சொன்னதில்லை. உழைப்பதற்கு ஆகும் வலிமை விளையாடுவதற்கு மட்டும் ஆகாதோ? விளையாடும் சிறுமி வீட்டுக்கு அடங்காதவளாவாள் என்னும் அச்சத்துக்கும் ஆதாரமில்லை. பந்தை மூன்று வினாடிக்கு மேல் தன்னிடம் வைத்திராமல் தோழிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்னும் ஆட்டம், விட்டுக்கொடுத்தலை அன்றாடம் கற்பிக்கும் ஆட்டமன்றோ!

மாணவர்களே, நமது அணி இனியும் தோற்கும். தோற்கும்போது குறைகூறுதல் தவறன்று; பயிற்றுநரின் முறையையும் தெரிவாளரின் நடுவுநிலையையும் கேள்வி கேட்பது குடிமக்களின் உரிமை. ஆனால் அக்கேள்விகளைக் கேட்ட வாயால் இன்னும் ஒன்றையும் கேளுங்கள்: சென்ற ஆண்டு நம் வகுப்பில் நன்றாக ஆடிய பிள்ளை இவ்வாண்டு ஏன் ஆடவில்லை? அவள் பெயர் உங்களுக்குத் தெரியும், வீடும் தெரியும். அவளை மீண்டும் களத்துக்கு அழைத்து வருவதற்கு எந்தத் தெரிவுக்குழுவின் அனுமதியும் வேண்டியதில்லை.